தாதியர் ஏவலரா?

“மருத்துவம் கிடைக்காவிட்டால் தாதிமையாவது படிக்கட்டும்!” தேர்வு முடிவு வெளிவரும் காலத்தில் நம் ஆசிரியர் அறைகளில் தவறாது ஒலிக்கும் மொழி இது. இலக்கணம் கற்பிக்கும் நாமே ‘ஆவது’ என்னும் இடைச்சொல்லில் எத்துணை இழிவை ஏற்றிச் சொல்கிறோம் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

மருத்துவர் ஆணையிடுவார், தாதி ஊசி போடுவார். நம்மவர் அறிந்தது இவ்வளவே. ‘தாதி’ என்பதற்குப் பணிப்பெண் என்னும் பழம்பொருள் உண்டு. அப்பொருளையே இன்றும் பற்றிக்கொண்டிருக்கிறோம் போலும். தமிழகத்தார் ‘செவிலியர்’ என்கின்றனர். வளர்ப்புத்தாயைக் குறித்த அழகிய சொல்தான். எனினும் அதுவும் அவர்தம் அன்பைப் பேசுகிறதேயன்றி அறிவைப் பேசவில்லை.

1965ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்னும் தாதியும் ஹென்றி சில்வர் என்னும் குழந்தை மருத்துவரும் இணைந்து, குழந்தைகளின் உடல்நிலையைத் தாமே ஆராய்ந்து பேணும் பயிற்சியைத் தாதியர்க்கு அளிக்கத் தொடங்கினர். நம் அண்டை நாடாகிய சிங்கப்பூரின் தேசியப் பல்கலைக்கழகம் உயர்நிலைத் தாதியர்க்கென 2003இல் முதுநிலைப் படிப்பைத் தொடங்கியது. 2018இல் அவர்கள் மருந்து எழுதித் தருவதற்கான பயிற்சித் திட்டமும் அங்கு வந்தது.

“உயிரோடு விளையாடுவதா?” என்று வெகுள்வோர் நியூயார்க்கு நகரில் நிகழ்ந்த ஆய்வை அறிதல் வேண்டும். 1,316 நோயாளிகளை, விருப்பம் நோக்காது, சிலரை மருத்துவரிடமும் சிலரை உயர்நிலைத் தாதியரிடமும் அனுப்பினர். மருந்தெழுதும் உரிமை இரு சாராருக்கும் ஒன்றே. ஆறு திங்கள் கழித்து நோயாளிகளின் உடல்நிலையை ஒப்பிட்டபோது குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இம்முடிவு 2000இல் வெளிவந்தது. இத்தகைய 18 ஆய்வுகளை ஒருங்கே சீர்தூக்கி 2018இல் வெளிவந்த தொகுப்பாய்வும், தாதியரின் பராமரிப்பு மருத்துவருடையதற்கு நிகராகவோ சற்று மேலாகவோ இருக்கக்கூடும் என்றே உரைத்தது. தாதியர் நோயாளியுடன் கூடுதல் நேரம் செலவிடுகின்றனர் என்பதும் அதில் தெரியவந்தது. இதைக் குறையென்பாரும் உளர். நீரிழிவு நோயாளி எதை உண்கிறார், மாத்திரையை ஏன் நிறுத்தினார் என்று கேட்டறிய நேரம் வேண்டாமா? நீரிழிவு மிகுந்த நம் சமுதாயத்திற்கு அந்நேரமே மருந்து!

செலவு மிச்சமாகும் என்று இதற்காக வாதாடுவோருடன் நான் சேரேன். மலிவுக்காகத் தாதியரை ஏற்பதும் அவரை இழிவுபடுத்துவதே. அறுவை செய்ய மருத்துவரே வேண்டும், அதையும் மறுக்கவில்லை.

நம் நாட்டுக் கிராமங்களைப் பாருங்கள். ஏறத்தாழ 4,000 மக்களுக்கு ஒரு கிளினிக் டேசா என்னும் அளவில் அமைக்கப்பட்ட அவ்விடங்களில் மருத்துவர் தங்கியிருப்பதில்லை. கருவுற்ற தாயைச் சோதித்து, ஆபத்தின் அளவுக்கேற்ப அவருடைய அட்டையில் சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளை என வண்ணக்குறியிட்டு, உரிய இடத்திற்கு அனுப்புபவர் சமூகத் தாதியரே. உயர்நிலைப் பட்டம் இல்லாமலே இத்துணைப் பொறுப்பு!

அறிவியலில் முதல்வளாய் நிற்கும் மாணவி தாதியாக விரும்புகிறேன் என்றால், பெற்றோரை வரவழைத்து அவள் மனத்தை மாற்ற முயலும் ஆசிரியர் இன்றும் நம்மிடையே உளர். அம்மாணவிக்கு என்ன குறை கண்டனர்? இவ்வினாவுக்கு அவர்கள் விடை சொல்லட்டும்.