ஏற்காடு ஏற வேண்டாம், அஸ்தம்பட்டியிலேயே நோட்டை விரிக்கலாம்

மார்கழி பிறந்தால் சேலத்துக்காரர்களுக்கு மலை ஞாபகம் வந்துவிடும். படம் வரைகிறவர்களுக்குக் கேட்கவே வேண்டாம். வண்ணப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏற்காடு பஸ் பிடிப்பார்கள். அங்கே லேடீஸ் சீட் என்ற காட்சி முனையில் உட்கார்ந்து கீழே பார்த்தால் சேலம் முழுக்கத் தெரியும், கடுகு கொட்டிய மாதிரி. ஊரை அவ்வளவு தூரத்தில் நிறுத்தி வரைவதைவிட ஊருக்குள்ளேயே உட்கார்ந்து வரையலாம். அதற்குத் தோதான இடம், அதே ஏற்காடு சாலையில் மலை தொடங்கும் முன்பே வரும் அஸ்தம்பட்டி. மேலே போனவருக்கு மலை காலடியில் மறைந்துவிடுகிறது. ரவுண்டானா பக்கம் நிற்பவருக்கோ சேர்வராயன் மலை முழுசாக வடக்கே எழுந்து நிற்கிறது.

ஊரை ஊரிலேயே உட்கார்ந்து வரைவதற்கு உலகம் முழுக்க ஒரு கூட்டம் இருக்கிறது. ஸ்பெயினில் பிறந்து அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் பத்திரிகை ஓவியராக இருந்த கேப்ரியல் கம்பனாரியோ, 2007-ல் 'அர்பன் ஸ்கெச்சர்ஸ்' என்ற பெயரில் இணையத்தில் சிலரைச் சேர்த்தார். 2010-ல் போர்ட்லாந்தில் முதல் மாநாடு நடக்கும் அளவுக்கு அது வளர்ந்தது. அவர்களுடைய விதிகள் எளியவை: புகைப்படத்தைப் பார்த்து வரையக் கூடாது, நேரில் பார்த்தே வரைய வேண்டும், கண்டதைக் கண்டபடி பதிய வேண்டும், சேர்ந்து வரைய வேண்டும். பேனாவோ பென்சிலோ நீர்வண்ணமோ, அது அவரவர் இஷ்டம். சென்னையிலும் 'சென்னை வீக்கெண்ட் ஆர்ட்டிஸ்ட்ஸ்' குழுவினர் வார இறுதிகளில் ஓரிடத்தில் கூடி வரைகிறார்கள். சேலத்துக்கும் இது வேண்டும்.

சேர்ந்து வரைவது என்ற விதிக்கு நம் ஊரில் கூடுதலாக ஒரு நியாயம் உண்டு. தனி ஆள் ஒருவர் ரோட்டோரம் உட்கார்ந்து எதிர்க் கட்டடத்தை நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்து நோட்டில் கோடு போட்டால், பத்து நிமிஷத்தில் யாராவது வந்து, "என்னங்க அளக்கறீங்க, ரோட்டை அகலம் பண்றாங்களா?" என்பார். 2018-ல் எட்டுவழிச் சாலைக்காக வயலுக்குள் கல் நட்டதைப் பார்த்த மாவட்டம் இது. நோட்டோடு வருகிறவர்மேல் சந்தேகம் வருவதில் தப்பே இல்லை. அதே இடத்தில் பதினைந்து பேர், அதிலும் பாதி பள்ளிப் பிள்ளைகள் என்றால், கேள்வியே வேறு: "என் கடையைப் போடுங்களேன்!" பெண்களுக்கு இந்தத் துணை இன்னும் முக்கியம். தெருவில் ஒரு மணி நேரம் ஒரே இடத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும் உரிமை ஆண்களுக்குத் தானாகக் கிடைக்கிறது. தனியாக வரும் பெண்ணுக்கு அது கிடைப்பதில்லை. (அஸ்தம்பட்டியில் 1862 முதல் மத்தியச் சிறை இருக்கிறது. அந்த மதில் பக்கம் மட்டும் குழுவாகப் போனாலும் நோட்டை விரிக்காமல் இருப்பது நல்லது.)

ஏன் குளிர்காலம்? உடம்புக்கு இதம் என்பது ஒருபுறம் இருக்கட்டும், காகிதத்துக்கும் இதுதான் பருவம். ஏப்ரல் வெயிலில் நீர்வண்ணத்தைத் தொட்டு இழுத்தால், கோடு முடிவதற்குள் தொடக்கம் காய்ந்து ஓரம் கட்டிவிடும். மார்கழிக் காலையில் ஈரம் நின்று நிதானமாகப் பரவும், வானத்தையும் மலையையும் ஒரே வீச்சில் இணைத்துவிடலாம். சேலத்தில் அப்போது ஆறரை மணிக்குமேல் தென்கிழக்கில் சூரியன் எழுகிறது. வடக்கே பார்த்து உட்கார்ந்தவருக்கு வெளிச்சம் வலப்பக்கத்திலிருந்து சாய்வாக மலையில் விழும். ஏழு மணிக்குப் பனிமூட்டத்தில் வெறும் நீலத் தகடாக இருக்கும் மலையில், எட்டு மணிக்கு மடிப்பும் பள்ளமும் தெரியத் தொடங்கும்.

மலையில் தொடங்கினாலும் முடிக்க வேண்டிய இடம் அஸ்தம்பட்டி உழவர் சந்தைதான். 1999 நவம்பரில் மதுரையில் தொடங்கிய திட்டம் மாநிலம் முழுக்கப் பரவியபோது சேலத்துக்குக் கிடைத்த சந்தைகளில் ஒன்று. விடிவதற்கு முன்பே மூட்டை இறங்கிவிடும். தலையில் துண்டை இறுக்கிக் கட்டி, சட்டைக்கு மேல் சட்டை போட்ட ஆண்கள். சேலைமேல் ஸ்வெட்டர் மாட்டிய பெண்கள். அன்றன்றைய விலை எழுதிய பலகை. தண்ணீர் தெளித்த கீரைக்கட்டு. வரையப் பழகுகிறவருக்கு இதைவிடச் சிரமமான பாடம் கிடைக்காது, ஏனென்றால் வாங்க வருகிறவர் யாரும் நிற்பதில்லை. அனுபவசாலிகள் ஒரு தந்திரம் செய்வார்கள். முதல் ஆளின் தலையை வரைவதற்குள் அவர் நகர்ந்துவிட்டால், அடுத்து வந்தவரின் தோளைச் சேர்ப்பார்கள், மூன்றாமவரின் கட்டைப்பையைக் கையில் கொடுப்பார்கள். அப்படி ஒட்டுப்போட்டு உருவான ஆள், அசையாமல் நின்றவரைவிட உயிரோடு இருப்பார். விற்பவர்கள் அப்படி இல்லை, காலை முழுக்க ஒரே இடம்தான். ஒரு தக்காளிக் குவியல் மெல்ல மெல்லக் குறைவதையே நாலு படமாகப் போடலாம்.

இந்த மண்ணை வந்து வரைந்தவர்கள் முன்பும் உண்டு. 1792-ல் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் பல்லக்கும் சுமைதூக்கிகளுமாகத் தெற்கே சுற்றியபோது, அன்றைய பாரமகாலில் ராயக்கோட்டைப் பாறையை வரைந்தார்கள். அந்தப் பகுதி 1965 வரை சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. அவர்கள் படத்தில் கோட்டை இருக்கும், பாறை இருக்கும். மனிதர்கள் அளவு காட்டுவதற்காக ஓரத்தில் நிற்பார்கள். மனிதரை நடுவில் வைத்து வரைய ஊர்க்காரர்தான் வேண்டும்.

நம்மவர்களில் ஓவியர் சில்பி, ஆனந்த விகடனுக்காகக் கோயில் கோயிலாகப் போய் உட்கார்ந்து சிலைகளைக் கோட்டுக்குள் கொண்டுவந்தார். மனோகர் தேவதாஸ் விழித்திரை நோயில் பார்வை குறைந்துகொண்டே போன காலத்திலும் மதுரையின் கோபுரங்களையும் தெருக்களையும் மைக்கோடுகளில் நுணுக்கி நுணுக்கிப் போட்டார். 2020-ல் பத்மஸ்ரீ பெற்று, 2022-ல் மறைந்தார். மதுரைக்கு அப்படி ஒருவர் வாய்த்தார். சேலம் பக்கத்தில் மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞரும் தொழில்முறை ஓவியர்தான். ஆனால் ஊர் அவர் பாட்டை வைத்துக்கொண்டு படத்தை மறந்துவிட்டது.

சேலமும் மாறிக்கொண்டுதான் இருக்கிறது. பழைய பஸ் ஸ்டாண்டை இடித்து, 2023-ல் ஈரடுக்குப் பேருந்து நிலையம் திறந்தார்கள். இடித்தது தப்பு என்று சொல்ல வரவில்லை, அந்த நெரிசலை யாரும் தேடிப் போகப் போவதில்லை. ஆனால் இடிப்பதற்கு முந்தைய குளிர்காலத்தில் இருபது பேர் ஒரு ஞாயிறு காலை அங்கே உட்கார்ந்திருந்தால், பூக்கடை எங்கே இருந்தது, எந்த ஊர் பஸ் எந்த மூலையில் நின்றது என்பதற்குத் தேதி போட்ட இருபது சாட்சிகள் இருந்திருக்கும். ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு மட்டும் மிச்சம் நிற்கிறது. 1935-ல் டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய ஸ்டுடியோவுக்கு இன்று அதுதான் அடையாளம். அடுத்த குழு அங்கே போகலாம்.

யார் கூட்டிப்போவது? ஆள் தேட வேண்டியதில்லை. 2012-ல் தமிழக அரசு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய் சம்பளத்தில் நியமித்தது. அதில் ஓவிய ஆசிரியர்களும் உண்டு. வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை. பணி நிரந்தரம் கேட்டு ஆண்டுக்கணக்கில் தெருவில் உட்கார்ந்து போராடியவர்கள். அவர்கள் கேட்பதைக் கொடுப்பது முதல் வேலை. கையோடு, அரையாண்டு விடுமுறையில் ஒரு காலை, பத்துப் பிள்ளைகளுடன் சந்தைக்குப் போய்வர அனுமதியும் பஸ் செலவும் உரிய சம்பளமும் கொடுக்கலாம். கோடு போடாத நோட்டு, ஒரு பால்பாயின்ட் பேனா, தலைமையாசிரியர் கடிதம், இவ்வளவுதான் தேவை. வரைந்த பக்கத்தின் கீழ் தேதியும் நேரமும் எழுதி, நகல் ஒன்றை மாவட்ட மைய நூலகத்தில் சேர்த்துவிட்டால், பத்து வருஷம் கழித்து அஸ்தம்பட்டியைத் தேடி வருகிறவர் அங்கேயே புரட்டிப் பார்க்கலாம்.