ஊரடங்கிலும் அடங்காத கைகள்

2020ஆம் ஆண்டு மார்ச்சு 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. பேருந்துகள் நின்றன, பள்ளிகள் பூட்டப்பட்டன, கோயில் நடைகளும் சாத்தப்பட்டன. ஆயினும் மறுநாள் விடியலில் பால் வீட்டு வாயிலுக்கு வந்தது. குழாயில் நீர் வந்தது, விளக்குகள் எரிந்தன, தெருமுனையில் குப்பை வண்டியின் ஒலி கேட்டது. ஊர் அடங்கியது என்பது பாதி உண்மையே. ஊரில் ஒரு சாரார் வீட்டுக்குள் அடங்கியிருப்பதற்காக மற்றொரு சாரார் வெளியில் அடங்காமல் உழைத்தனர் என்பதே முழு உண்மை.

அவ்வுழைப்பின் தன்மையை அறிய ஒரு நியாயவிலைக் கடையைக் கண்டாலே போதும். அந்த ஏப்ரலில் தமிழ்நாட்டின் அரிசி அட்டைதாரர்களுக்கு 1000 ரூபாயும், விலையில்லா அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் வழங்கப்பட்டன. கூட்டம் சேராதிருக்க நாளும் நேரமும் குறித்த டோக்கன்கள் தரப்பட்டன. தரையில் வரைந்த வட்டங்களுக்குள் மக்கள் விலகி நின்றனர். வட்டத்தில் நின்றவருக்கு இடைவெளி கிடைத்தது. தராசின் அருகே நின்ற விற்பனையாளருக்கோ அது கிடைக்கவில்லை. நாள் முழுதும் ஒருவர்பின் ஒருவராக எல்லாரும் அவர்முன் வந்து நின்றனர்.

செவிலியர் நிலை இதனினும் கடினமானது. கத்திரி வெயிலில் முழுக்கவச உடை அணிந்தால், பணிநேரம் முடியும்வரை ஒரு மிடறு நீர் அருந்தவும் வழியில்லை. பணி முடிந்தபின்னும் வீட்டுக்குள் சென்று தம் குழந்தையைத் தூக்க இயலாமல் தனித்திருந்தோர் பலர். கோயம்பேடு சந்தை மே 5 அன்று மூடப்பட்டது. திருமழிசையில் தற்காலிகச் சந்தை அமைந்தது. அங்கும் நள்ளிரவில் மூட்டை இறக்கச் சுமைதூக்குவோர் இருந்தனர்.

அவ்வாண்டில் துப்புரவுப் பணியாளர் என்னும் பெயரைத் தமிழ்நாடு அரசு தூய்மைப் பணியாளர் என மாற்றியது. துப்புரவு என்ற சொல்லில் குற்றம் ஒன்றுமில்லை. அதன் பொருளும் தூய்மையே. அச்சொல்லை அழுக்காக்கியது அதை உச்சரித்த முறைதான். நடத்தும் முறை மாறாவிடில் புதிய சொல்லும் ஒருநாள் அழுக்காகும். நன்றியைப் பெயரில் மட்டும் செலுத்திவிட்டு, ஒப்பந்தக் கூலியையும் கையுறையில்லாக் கைகளையும் பழையபடியே விட்டுவிடுதல் எளிது. காலையில் வண்டி வரும்போது மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் பிரித்துக் கொடுப்பது அத்துணை எளிதன்று. அதைச் செய்த வீடுகளே உண்மையில் நன்றி கூறின.

மார்ச்சு 22, ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு நாடெங்கும் மக்கள் வாயிலில் நின்று கைதட்டினர். தட்டுகளையும் மணிகளையும் ஒலித்தனர். அக்கைதட்டல் பொய்யன்று. ஆனால் சரியாக நான்கு வாரங்கள் கழித்து, ஏப்ரல் 19, ஞாயிறு இரவு, தொற்றால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யச் சென்றவர்களைச் சென்னையில் ஒரு கூட்டம் தாக்கி விரட்டியது. அவசர ஊர்தியின் கண்ணாடி உடைந்தது. ஊர்தியில் வந்தோர் காயமுற்றனர். பின்னர், உடன் பணியாற்றிய மருத்துவர் ஒருவர், ஊழியர் சிலர் துணையோடு, தாமே மண்ணை அள்ளிக் குழியை மூடினார்.

அச்சம் மனிதரை எவ்வளவு சிறுமைப்படுத்தும் என்பதற்கு அவ்விரவு சான்று. அதே நாள்களில் வேறொன்றும் நிகழ்ந்தது. மருத்துவப் பணியாளரைத் தாக்குவோரைத் தண்டிக்க, 1897ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டத்தைத் திருத்தி, ஏப்ரல் 22 அன்று அவசரச் சட்டம் பிறந்தது. சட்டம் தேவையே. எனினும் நம்பிக்கைக்குரிய செய்தி அதற்கும் முன்பே வந்துவிட்டது: மறுநாள் காலை, அதே நகரில், அவசர ஊர்திகள் வழக்கம்போல் புறப்பட்டன. ஓட்டுநர்கள் தத்தம் இருக்கையில் இருந்தனர்.