ஓடியவர்களுக்கு எழுதுங்கள்

ஹார்மன் கில்லிபுரூ 573 ஹோம் ரன் அடித்த பேஸ்பால் வீரர். இளைய ஆட்டக்காரர்களிடம் அவர் கண்டிப்பாகச் சொல்லிவந்த ஒன்று ஆட்டத்தைப் பற்றியதே அல்ல. ரசிகர் நீட்டும் அட்டையில் பெயரைப் படிக்கும்படி எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதுதான் அது. மின்னசோட்டா அணியின் டோரி ஹண்டர் முதலில் கிறுக்கித்தான் கொடுத்தார். பிறகு கில்லிபுரூவின் பேச்சைக் கேட்டு மாறினார்.

ரசிகர்கள் சேர்த்த இப்படிப்பட்ட கையெழுத்துகளில் பல அஞ்சலில் போய் வந்தவை. முறை எளிது. ஒரு கடிதம், வீரரின் படம் அச்சிட்ட அட்டை, அனுப்புபவரின் முகவரி எழுதித் தபால்தலை ஒட்டிய இன்னொரு உறை. அவ்வளவுதான். பதில் இரண்டு வாரத்திலும் வரும், இரண்டு ஆண்டு கழித்தும் வரும், வராமலும் போகும். ஜாக் ஸ்மாலிங் என்ற சேகரிப்பாளர் ஆட்டக்காரர்களின் முகவரிகளைத் திரட்டித் தனிப் புத்தகமாகவே வெளியிட்டார். உச்சத்தில் இருக்கும் நட்சத்திரத்துக்கு மூட்டை மூட்டையாகக் கடிதம் குவியும். அணியின் பணியாளரே அவருக்காகக் கையெழுத்துப் போட்ட காலமும் உண்டு. ஓய்வு பெற்று மறக்கப்பட்ட முதியவரோ தாமே உட்கார்ந்து பதில் எழுதுவார், கேட்காத கதையையும் சேர்த்து.

பணம் நுழைந்ததும் இந்தப் பழக்கம் கெட்டது. 1990களின் இறுதியில் அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்பிஐ 'ஆபரேஷன் புல்பென்' என்ற பெயரில் போலிக் கையெழுத்துக் கும்பல்களைப் பிடித்தபோது, அன்னை தெரேசாவின் பெயர் எழுதிய பேஸ்பாலும் அகப்பட்டது. கடையில் வாங்கும் கையெழுத்தை நம்புவது கடினம். சிறுவன் தன் கையால் எழுதிக் கேட்டு, அவன் பெயரைச் சொல்லி வந்த பதிலில் அந்தச் சந்தேகம் பெரிதும் குறைகிறது.

உலு சிலாங்கூரிலும் கோலசிலாங்கூரிலும் உள்ள தமிழ்ப்பள்ளிகள் இந்தப் பழக்கத்தை உடனே கைக்கொள்ள வேண்டும். பேஸ்பால் நமக்குத் தேவையில்லை. நமக்கென்று ஓடியவர்கள் இருக்கிறார்கள்.

1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் 100 மீட்டர், 200 மீட்டர், 4x100 அஞ்சலோட்டம் மூன்றிலும் டாக்டர் எம். ஜெகதீசன் மலேசியாவுக்குத் தங்கம் கொண்டுவந்தார். 1968இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை அவர் 20.92 விநாடியில் ஓடிய தேசிய சாதனை 2017 வரை நின்றது. அதே பாங்காக்கில் 400 மீட்டரில் எம். ராஜமணி தங்கம் வென்றார். அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் நாட்டின் சிறந்த விளையாட்டு வீராங்கனை அவர்தான். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் இந்த இரண்டு பெயரையும் கேட்டுப் பாருங்கள். எத்தனை கை உயரும்?

பாங்காக்கில் ஓடிய தலைமுறைக்கு இப்போது எண்பதை ஒட்டிய வயது. தள்ளிப்போட நேரமில்லை. 'ஸ்பைடர்மேன்' என்று நாடே கொண்டாடிய கோல்காவலர் ஆர். ஆறுமுகத்தை நினைத்தால் இது புரியும். 1980இல் மெர்டேக்கா அரங்கத்தில் தென்கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற மலேசியக் காற்பந்து அணியின் கோல்கம்பத்தில் நின்றவர் அவர். அரசு அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் அணி போகவில்லை. தகுதி பெற்றும் போக முடியாத அந்த நாள்கள் எப்படி இருந்தன என்று இனி அவரிடம் கேட்க முடியாது. 1988இல் சாலை விபத்து அவரைக் கொண்டுபோய்விட்டது. அந்த வெற்றியைத் தழுவி 2016இல் வந்த 'ஓலா போலா' படத்தைப் பார்த்துத்தான் பல பிள்ளைகள் அப்படி ஓர் அணி இருந்ததையே அறிந்தார்கள்.

தேசிய வீரர்களின் கதை மட்டுமல்ல, நம் வட்டாரத்து ஆட்டக்காரர்களின் கதையும் தொலைகிறது. உலு சிலாங்கூரின் கோலா குபு பாரு இடம்பெயர்ந்த ஊர். 1883இல் அணை உடைந்து பழைய ஊரை வெள்ளம் அடித்தது. அடுத்தடுத்த வெள்ளங்களுக்குப் பிறகு மேட்டில் புது ஊர் எழுந்தது. சுற்றுவட்டாரத் தோட்ட மக்களும் அப்படியே இடம்பெயர்ந்தார்கள். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் காலியாயின, குடும்பங்கள் தாமான்களுக்குப் போயின. விடியலில் மரம் சீவிவிட்டு மாலையில் தோட்டத் திடலில் காற்பந்து ஆடிய அணிகள் எத்தனை! அவர்களின் கோப்பைகளும் குழுப் படங்களும் வீடு மாறியபோதே தொலைந்தன. ஆனால் ஆடியவர்களில் பலர் பக்கத்துத் தாமானிலேயே தாத்தாக்களாக இருக்கிறார்கள். தேசிய வீரருக்கு எழுதும் பிள்ளை அந்தத் தாத்தாவுக்கும் ஒரு கடிதம் போட வேண்டும். தோட்டத்து ஆபீசில் கிராணி கையிலிருந்து தபால் வாங்கிய அந்தத் தலைமுறைக்குத் தன் பெயர் எழுதிய உறையின் மதிப்பை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வாட்ஸ்அப்பில் கேட்டால் போதாதா என்பார்கள். போதாது. வாட்ஸ்அப் செய்தியும் செல்ஃபியும் கைப்பேசி மாறும்போது காணாமல் போகும். கடிதம் எழுதும் பிள்ளையோ முதலில் அந்த வீரரைப் பற்றிப் படித்தாக வேண்டும். காலணி யார் வாங்கித் தந்தது, பயிற்சிக்குப் போகப் பஸ் காசு எங்கிருந்து வந்தது, தோற்ற நாளில் அம்மா என்ன சொன்னார் என்று கேட்கத் தெரிய வேண்டும்.

செலவு பெரிதல்ல, பள்ளிக்குத் தேவை உறைகளும் தபால்தலைகளும் ஓர் ஆசிரியரின் அக்கறையும்தான். யாருடைய வீட்டு முகவரியையும் தேடி அலைய வேண்டாம். மலேசிய ஒலிம்பிக் மன்றமும் காற்பந்துச் சங்கமும் கடிதங்களைப் பெற்று உரியவர்களிடம் சேர்க்க முன்வர வேண்டும். முதியவர் மறுத்தால் அதை மதிக்க வேண்டும். வரும் பதில்களின் நகல் பள்ளி நூலகத்தில் இருக்கட்டும். அசல், எழுதிய பிள்ளைக்கே சொந்தம்.