"எங்க ஸ்கூலுக்கு செட் ஆகாது மேடம்!" - ஆட்டிசம் குழந்தைக்கு அட்மிஷன் மறுக்க முடியுமா?

அப்ளிகேஷன் வாங்கும்வரை எல்லாம் சுமுகமாகத்தான் போகும். "பையனுக்கு ஆட்டிசம் இருக்கு" என்று அம்மா சொன்ன அடுத்த நிமிடமே பிரின்சிபால் அறையில் பேச்சு மாறிவிடும். "உங்க பையன் நல்லதுக்குத்தான் சொல்றோம். ஸ்பெஷல் ஸ்கூல்ல போட்டா நல்லா கவனிச்சுப்பாங்க." முடியாது என்று யாரும் எழுதித் தருவதில்லை. அதில்தான் இருக்கிறது சாமர்த்தியம்!

இந்தப் பதிலுக்குப் பயந்தே சிலர் விஷயத்தை மறைத்துச் சேர்த்துவிடுகிறார்கள். பாவம், மாட்டிக்கொள்வது குழந்தைதான். காரணம் தெரியாத டீச்சருக்கு எல்லாமே அடமாகத் தெரியும்.

சட்டம் என்ன சொல்கிறது? 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைக் குறைபாடுகளில் ஆட்டிசமும் ஒன்று. 40 சதவிகிதமும் அதற்கு மேலும் பாதிப்பு உள்ளதாகச் சான்றிதழ் பெற்ற குழந்தைக்கு, 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. அருகிலுள்ள பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்ற தேர்வு குழந்தையின் பக்கம்தான், பள்ளியின் பக்கம் அல்ல. கல்வி உரிமைச் சட்டப்படி அட்மிஷனுக்காகக் குழந்தையை இன்டர்வியூ செய்து வடிகட்டினால், முதல்முறை 25,000 ரூபாய் வரை அபராதம். சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு மட்டும் இந்தச் சட்டம் பொருந்தாது. புகார் சொல்ல மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் இருக்கிறார்.

சரி, சேர்த்தாயிற்று. அப்புறம்?

நமக்குக் காதிலேயே விழாத ஃபேன் சத்தம் சில குழந்தைகளுக்கு மண்டைக்குள் ஓடும். பெல் அடித்தால் காதைப் பொத்திக்கொள்வார்கள். யூனிஃபார்ம் காலரில் இருக்கும் சின்ன லேபிள் நாள் முழுக்கக் குத்தும். கணக்கு பீரியடில் திடீரென பி.டி. என்று மாற்றினால் அழுகை வெடிக்கும். இதற்கெல்லாம் லட்சங்கள் தேவையில்லை. அன்றைய பீரியடுகளைப் படமாக வரைந்து சுவரில் ஒட்டலாம், ஃபேனுக்கும் ஜன்னலுக்கும் தள்ளி இடம் தரலாம், அழுகை வந்தால் போய் உட்கார ஓர் அமைதியான மூலை ஒதுக்கலாம். படத்தில் போட்ட டைம் டேபிள் மற்ற பிள்ளைகளுக்கும் உதவும்.

40 பிள்ளைகளை ஒற்றை ஆளாக மேய்க்கும் டீச்சரிடம் இதையும் சுமத்தினால் எப்படி? நியாயமான கேள்விதான். தொடக்க வகுப்புகளில் 10 சிறப்புக் குழந்தைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தை 2022-ல் மத்திய அரசே நிர்ணயித்தது. ஆனால் பணியிடங்களை அறிவிக்கும்படி 2025-ல் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட வேண்டியிருந்தது.

அதுவரை பெற்றோர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பள்ளி திறக்கும் அன்றே கிளாஸ் டீச்சரிடம் ஒரு பக்கக் குறிப்பு கொடுங்கள். பிள்ளை எதற்குப் பயப்படும், எதில் அமைதியாகும், பாத்ரூம் போக வேண்டுமென்றால் எப்படிக் காட்டும் என்று எழுதுங்கள். அந்தக் கடைசி வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். கேட்கத் தெரியாத பிள்ளை, சாயங்காலம் வரை அடக்கிக்கொண்டேதான் வீட்டுக்கு வரும்.