ஜீப்போட வயசைக் கேக்காதீங்க, பிரேக்கைப் பாருங்க

எங்க மாமா 2025 கோடையில ஒரு ஜீப் வாங்கினார். மஹிந்திரா எம்.எம். 540, பியூஜோ டீசல் இன்ஜின், 1995 அக்டோபர் ரிஜிஸ்ட்ரேஷன். அதை அன்னிக்கு ஜீப்னு கூப்பிட கொஞ்சம் தைரியம் வேணும். டிரைவர் சீட்டுல உட்கார்ந்து கீழே பார்த்தா தகட்டு ஓட்டை வழியா ரோடு தெரிஞ்சுது.

"மாமா, இதுக்கு ஏன் இவ்வளவு காசு?" என்றேன். "மாப்ள, நீ மழையில நம்ம நிலத்துக்கு வந்திருக்கியா?" என்று மட்டும் கேட்டார். போயிருக்கிறேன். மதுராந்தகம் பக்கம் மூன்று ஏக்கர் நெல். ஐப்பசியில் தார் ரோட்டிலிருந்து மோட்டார் கொட்டகை வரைக்கும் முழங்கால் சேறு. லோடு ஆட்டோ பாதியிலேயே உட்கார்ந்துவிடும். உர மூட்டையும் பழுதான மோட்டாரும் அந்தச் சேற்றைத் தாண்டியாக வேண்டும். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி புதுசாக வேண்டுமென்றால் பத்து லட்சத்துக்கு மேல் ஆகும். மூன்று ஏக்கர் நெல்லை வைத்துக்கொண்டு அதற்கு யார் தவணை கட்டுவது?

வண்டியை ரிப்பேருக்குப் பம்மலில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளியிருக்கும் பட்டறையில் விட்டார். எனக்கு செமஸ்டர் லீவு. ஒரு மாதம் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தே பொழுது போனது. (காலேஜில் நான்கு செமஸ்டரில் கற்றதை விட அதிகம் கற்றேன் என்று சொன்னால் அப்பா அடிப்பார்.)

மேஸ்திரி பெயிண்டைப் பற்றிப் பேசவே இல்லை. முதலில் ஒரு சின்னச் சுத்தியலை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்து சேஸிஸை அங்குல அங்குலமாகத் தட்டினார். நல்ல இரும்பு கணீரென்று சத்தம் கொடுக்கும், துரு தின்ற இடம் பொத்தென்று கேட்கும். மூன்று இடத்தில் பொத். அங்கெல்லாம் அறுத்தெடுத்துவிட்டுத் தகடு வைத்து வெல்டிங். அப்புறம் முன்பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். கிங் பின் ஆட்டம் கொடுத்தது, பேரிங் மாற்றினோம். கமான் பட்டையில் இரண்டு உடைந்திருந்தன. நாலு டிரம் பிரேக்குக்கும் புது லைனிங், வீல் சிலிண்டருக்கு கிட், பிரேக் பைப் முழுக்கப் புதுசு. முந்தைய ஓனர் வருஷக்கணக்காக ஃபோர் வீல் லீவரைத் தொடவே இல்லை போலிருக்கிறது, இறுகிப் போயிருந்தது. தேய்ந்த ஒரு ஷாஃப்டைக் கடைந்து கொடுத்தவர் நாகல்கேணி தோல் ஷாப் மிஷின்களுக்கு வேலை செய்து பழகிய லேத்காரர். கியர் சாமான் புதுப்பேட்டையில் கிடைத்தது, பின் லைட்டை பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில் பேரம் பேசிப் பிடித்தோம். பம்பையும் நாசிலையும் சர்வீஸ் செய்து மாட்டியதும் கரும்புகை பெரும்பாலும் நின்றுவிட்டது.

மொத்தம் தொண்ணூறாயிரத்துச் சொச்சம். வெளியில் பார்த்தால் இன்னும் அழுக்கு ஜீப்தான். பெயிண்டுக்குக் காசு போகவில்லை.

சரி, மேட்டருக்கு வருவோம்.

நம் சட்டப்படி சொந்த வண்டிக்கு 15 வருஷம் முடிந்தால், அஞ்சு வருஷத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குக் காட்டி ரிஜிஸ்ட்ரேஷனைப் புதுப்பிக்க வேண்டும். ரொம்ப நியாயம். இந்த ஜீப்புக்கு 2020-ல் அதற்கான மத்திய அரசுக் கட்டணம் 600 ரூபாய். 2022 ஏப்ரலில் அது 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில், 20 வருஷம் தாண்டிய வண்டியென்றால் 10,000. மாநிலத்தின் பசுமை வரி தனி.

2021 ஆகஸ்ட் 13 அன்று பழைய வாகனக் கழிப்புக் கொள்கையைத் தொடங்கியபோது என்ன சொன்னார்கள்? வயசை மட்டும் வைத்து எதையும் உடைக்க மாட்டோம், தகுதிச் சோதனையில் தோற்றால்தான் என்றார்கள். அப்படியென்றால் கட்டணம் மட்டும் ஏன் வயசைப் பார்க்கிறது? பரீட்சையில் பாஸா ஃபெயிலா என்று பார்ப்போம் என்று சொல்லிவிட்டு, வயசானவனுக்கு ஹால் டிக்கெட் விலையை மட்டும் ஏற்றினால் அதற்குப் பெயர் என்ன?

"பழைய டீசல் புகை கக்குமே, உனக்கு மூச்சு வேண்டாமா?" என்பார்கள். வேண்டும். இந்த வண்டி செய்யப்பட்ட காலத்தில் பாரத் ஸ்டேஜ் விதிகளே கிடையாது, புது வண்டியை விட அழுக்காகத்தான் ஓடும், ஒப்புக்கொள்கிறேன். சென்னைக்குள் தினமும் அறுபது கிலோமீட்டர் ஓட்டினால் நானே எதிர்ப்பேன். ஆனால் இது வயலுக்கும் நெல் மண்டிக்கும் நடுவே ஓடுவது. புகைக்குச் சோதனை இருக்கிறது, அதை இன்னும் கறாராகச் செய்யட்டும். பிரேக்கைப் பார், சேஸிஸைத் தட்டிப் பார், தேறவில்லையா, உடைத்துவிடு. பத்தாயிரம் ரூபாய் ரசீது ஒரு சொட்டுப் புகையைக் குறைக்காது, பம்ப் சர்வீஸ் குறைத்தது.

"அஞ்சு வருஷத்துக்குத்தானே, வருஷத்துக்கு ரெண்டாயிரம் ஒரு காசா?" என்று கேட்கிறவரும் உண்டு. சம்பளக்காரர் கணக்கு அது. அறுவடைக்கு முன்னால் கையில் காசில்லாத மாதத்தில் மொத்தமாகக் கேட்டால் தெரியும். பழசை உடைத்தால் புது வண்டியின் சாலை வரியில் 25 சதவீதம் வரை சலுகையாம். புது வண்டி வாங்க முடிந்தால் மாமா ஏன் ஓட்டை ஜீப்பைத் தேடப் போகிறார்?

வேடிக்கை என்னவென்றால் இந்த வண்டி விவசாயிக்காகவே பிறந்த சாதி. உலகப்போர் முடிந்த கையோடு 1945-ல் வில்லிஸ் கம்பெனி பொதுமக்களுக்கு விற்ற சி.ஜே. 2ஏ ஜீப்பை அமெரிக்க விவசாயிகளைக் குறிவைத்துத்தான் விற்றார்கள். கலப்பை இழுக்கவும் மிஷின் ஓட்டவும் வசதிகள் சேர்த்துக்கொள்ளலாம். அந்த வில்லிஸைத்தான் 1947-லிருந்து மஹிந்திரா இங்கே கொண்டுவந்தது. இப்போது பழைய ஜீப்பைத் தேடி வருகிற கூட்டம் வேறு. அகல டயர், பத்து விளக்கு, ஈ.சி.ஆரில் ஒரு ரவுண்டு. கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொன்ன பிறகும் இந்தக் கூத்து நிற்கவில்லை. இவர்களால் விலையும் ஏறிவிட்டது. பத்தாயிரம் இவர்களுக்கு ஒரு விளக்கின் விலை.

மாமா அக்டோபரில் கட்டணத்தைக் கட்டினார். வண்டி சோதனையில் தேறியது. பின் டயர் இரண்டும் மாற்ற எடுத்து வைத்திருந்த காசு அது. சோதனைக்குப் போதுமான பட்டன் இன்னும் இருக்கிறது, சேற்றுக்குப் போதாது. தை அறுவடைக்கு அப்புறம் பார்க்கலாம் என்கிறார்.