இடைவிடாத சோதனை

மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பி விளையும் கடலடி மேடுகளைப் பார் என்பர். தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு அறிவிக்கப்படுமுன் அரசு அப்பார்களைச் சோதிப்பித்தது. மூழ்குவோர் மாதிரிச் சிப்பிகளை எடுத்து வந்தனர்; அவற்றின் முத்துக்கள் மதிப்பிடப்பட்டன. போதிய விளைவு இல்லையேல் குளிப்பு இல்லை. 1961-க்குப் பின் அங்கு முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. எனினும், அச்சோதனை முறை புகட்டும் பாடம் இன்றும் பயன்படுவதாகும்.

திறந்த மூல மென்பொருளைப் பல நாட்டார் கூடி எழுதுகின்றனர். ஒருவர் சேர்க்கும் ஒரு வரி பலர் உழைப்பைக் கெடுத்தல் கூடும். ஆதலின், மாற்றம் வருந்தோறும் மென்பொருள் முழுவதையும் தொகுத்துச் சோதிக்கும் வழங்கி ஒன்றை அமைத்தல் வேண்டும். இதனைத் தொடர் ஒருங்கிணைப்பு என்பர். 2011-இல் அப்பெயர் பெற்ற ஜென்கின்ஸ் இப்பணிக்குரிய கட்டற்ற மென்பொருளாகும்.

இறுதியில் ஒருமுறை சோதித்தால் போதாதோ எனச் சிலர் வினவுவர். போதாது. நூறு மாற்றங்கள் குவிந்தபின் பிழையைத் தேடுதல் அரிது. ஒரு மாற்றத்தில் தேடுதல் எளிது. ஆயினும் வழங்கி பிழையை அறிவிக்குமேயன்றித் திருத்தாது. நல்ல சோதனைகளை எழுதுதலும், பிழை தோன்றியவுடன் பிற பணியை நிறுத்தி அதனைக் களைதலும் மாந்தர் கடமை. பாரின் வறுமையை அறிந்த பின்னரும் மூழ்குவோர்க்குச் சோதனையால் விளையும் பயன் யாது?