குஞ்சுக்கு ஈரமே பகை

பாவு காயாமல் தறி நிற்கும் ஐப்பசி, கார்த்திகையிலேதான் கோழிக்குஞ்சு வாங்கக் கடன் கேட்கும் எண்ணம் நம் அங்கத்தினர்க்கு எழுவது வழக்கம். குடும்பத்திற்கு வேறு வரும்படி தேடும் அவ்வெண்ணம் நியாயமானதே. ஆனால் காலம் தவறானது. அடைமழையில் வாங்கிய குஞ்சுகள் மூன்று வாரத்திற்குள் மடிந்தால், குஞ்சு போய்க் கடன் மட்டுமே எஞ்சும்.

பொரித்த குஞ்சுக்கு முதல் வாரத்தில் சுமார் 35 டிகிரி சென்டிகிரேடு வெப்பம் வேண்டும். பின்னர் வாரத்திற்கு 3 டிகிரி வீதம் குறைத்து வரலாம். இவ்விதியை மட்டும் நினைவிற்கொண்டு, நாற்புறமும் சாக்கு கட்டிக் காற்றை அடைத்துவிடுகிறோம். கோழியினத்திற்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. வாய் திறந்து இரைத்தே உடற்சூட்டைத் தணித்துக்கொள்கிறது. காற்றில் ஈரம் மிகுந்தால் அவ்வழியும் பயன் குன்றும். ஆதலின் வறண்ட நாமக்கல்லுக்கு ஏற்ற முறை, கடலோர நாகப்பட்டினத்திற்கு அப்படியே ஒவ்வாது.

வெப்பத்தின் அளவைக் குஞ்சுகளே கூறும். விளக்கடியில் மொய்த்தால் குளிர்; விலகிச் சென்று சிறகு தொங்க இரைத்தால் சூடு; பரவலாக மேய்ந்தால் நலம். சித்திரை, வைகாசிப் பகலில் பெரும்பாலும் விளக்கே வேண்டுவதில்லை. வாடைக்காற்று நேரே படாதபடி கீழே ஓர் அடி உயரத் தடுப்பு வைத்து, அதற்கு மேல் காற்றோட்டம் விடுதல் போதும்.

தரையில் இரண்டு அங்குலம் நெல் உமி பரப்பி, நாள்தோறும் கிளறிவிடுக. கையில் இறுக்கிப் பிடித்துவிட்டால் உமி உதிர வேண்டும்; கட்டியாக நின்றால் மாற்றுக. ஈர உமியில் இரத்தக்கழிச்சல் நோய் பரவும். அதிலெழும் அம்மோனியா நெடி கண்ணையும் மூச்சையும் கெடுக்கும். முதல் வாரத்திலேயே வெள்ளைக்கழிச்சல் தடுப்புச் சொட்டு மருந்து இடுவதும் இன்றியமையாதது.

எனவே சங்கங்களுக்கு நாம் கூறுவது இதுவே: குஞ்சுக் கடனைத் தை, மாசியில் வழங்குக, கொட்டகையும் உமியும் ஆயத்தமாயுள்ளனவா என்று பார்த்த பின்னரே வழங்குக. அப்போது இறக்கும் குஞ்சு ஐந்தாறு மாதத்தில் முட்டையிடத் தொடங்கும். மழை வந்து தறி நிற்கும் நாளில் நெசவாளி வீட்டில் கடன் கேட்கும் தேவை இராது. கூடையில் முட்டை இருக்கும். அடுத்த பொதுக்கூட்டத்தில் அங்கத்தினர்கள் இதனை வற்புறுத்துவார்களாக.